காரின் திரையில் காட்டுப்பாதை: ஆஃப்ரோடு வரைபடச் செயலிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் நுழைவாயில் வரும். அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பிரியும் ஷேஃபர் மண்பாதை, செம்பாறைச் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து 1,500 அடி கீழே இறங்குகிறது. முதல்முறை அதன் விளிம்பில் காரை நிறுத்தியபோது என் காரின் திரையில் ஒரு நீல அம்பு இருந்தது. அதைச் சுற்றிலும் சாம்பல் நிறச் சதுரங்கள். பாதை இல்லை, மலை இல்லை, பெயர் இல்லை. செல்பேசியில் சிக்னலும் இல்லை.

மண்பாதைகளைக் காட்டும் ஆஃப்ரோடு வரைபடச் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தேன். முந்தைய இரவே வரைபடத்தைப் பதிவிறக்கியும் இருந்தேன். இருந்தும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். விடுதிக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இந்தச் செயலிகளில் ஒரே இடத்துக்குப் பலவகை வரைபடங்கள் அடுக்குகளாக இருக்கும். நான் பதிவிறக்கியது மேடுபள்ளங்களைக் கோடுகளால் காட்டும் நிலவமைப்பு வரைபட அடுக்கை. திரையில் திறந்து வைத்திருந்தது செயற்கைக்கோள் பட அடுக்கை. ஒரே ஒரு தட்டலில் அடுக்கை மாற்றியிருந்தால் வரைபடம் வந்திருக்கும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று புரிந்துகொண்டதைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை நகர்கிறது. காரின் திரைக்கென்று தனியாக நினைவு எதுவும் கிடையாது. செல்பேசிக்குள் இருப்பதைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி காருக்குள் உட்காருவதற்கு முன்பு, முந்தைய இரவு மேசையில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

எந்தச் செயலி, எந்தக் கார்

நகரத்தில் நாம் நம்பும் கூகுள் மேப்ஸும் ஆப்பிள் மேப்ஸும் பாதையின் தொடக்கம் வரை கொண்டுவிடப் போதும். அதற்கு மேல் அவற்றை நம்பக் கூடாது. ஒரு மண்பாதைக்கு எவ்வளவு உயரமான வண்டி வேண்டும், அது எந்த மாதத்தில் மூடப்படும், நிலம் யாருடையது என்பதையெல்லாம் சொல்வதற்காக அவை உருவாக்கப்படவில்லை. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா, ஜிபிஎஸ் வழிகாட்டியை மட்டும் நம்பி வராதீர்கள் என்று பார்வையாளர்களை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. கோடையில் அங்கே வழி தவறுவது உயிரோடு விளையாடுவது.

அமெரிக்க மேற்குப் பகுதியில் அதிகம் புழங்கும் இரண்டு செயலிகள் ஆனெக்ஸ் ஆஃப்ரோடும் காயா ஜிபிஎஸ்ஸும். ஆனெக்ஸ் நிறுவனம் மொன்டானா மாநிலத்தின் மிசூலா ஊரைச் சேர்ந்தது. வேட்டைக்காரர்களுக்கு நில எல்லைகளைக் காட்டும் வரைபடத்தில் தொடங்கியது. அதனால் யார் நிலம் என்பதைக் காட்டுவதில் அதற்குக் கை தேர்ந்திருக்கிறது. பாதைகளின் கடினத்தையும் 1 முதல் 10 வரை எண்ணிட்டுக் காட்டுகிறது. காயா ஜிபிஎஸ்ஸின் பலம் வேறு: பலவகை வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு மங்கலாகத் தெரியவேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். முதன்முறை போகிறவருக்கு ஆனெக்ஸ் எளிது என்பது என் கருத்து. வரைபடம் படிப்பதில் ஆர்வம் உள்ளவருக்குக் காயா பிடித்துப்போகும். இரண்டிலுமே ஆஃப்லைன் வரைபட வசதி, அதாவது இணையம் இல்லாமல் வரைபடம் பார்க்கும் வசதி, சந்தா கட்டியவர்களுக்குத்தான். இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

இந்தச் செயலிகள் காரின் திரைக்கு வருவது, செல்பேசியின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே வழியாகவோ ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகவோதான். கார்பிளேயில் பிற நிறுவனங்களின் வழிகாட்டிச் செயலிகளை ஆப்பிள் அனுமதித்தது 2018-இல், ஐஓஎஸ் 12 வந்தபோதுதான். உங்கள் காரில் கார்பிளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிவியன் போன்ற சில மின்சார வண்டிகளில் இரண்டும் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டில் ஒரு டேப்லெட்டை உறுதியாகப் பொருத்திக்கொள்வதே வழி. ஃபோர்டு பிராங்கோ போன்ற வண்டிகளில் தயாரிப்பாளரே பாதை வரைபடங்களைத் தருகிறார். அவை இருந்தாலும் தனிச் செயலி ஒன்றும் இருக்கட்டும்.

செல்பேசியில் செய்ய வேண்டிய ஏற்பாடு

பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே செயலியை அப்டேட் செய்து, ஒருமுறை திறந்து, கணக்கில் நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். புறப்படும் காலையில் அப்டேட் செய்யாதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு செயலி மறுபடி கடவுச்சொல் கேட்டால், சிக்னல் இல்லாத இடத்தில் உள்ளே நுழையவே முடியாது.

அடுத்து, இட அனுமதி. ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ் என்று போய்ச் செயலியைத் தேர்ந்து, ‘பிரிசைஸ் லொகேஷன்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் உங்கள் இடம் சில கிலோமீட்டர் அகல வட்டமாகத்தான் தெரியும். மலைப்பாதையில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆண்ட்ராய்டில் இன்னொரு தொல்லை உண்டு. பல மாதம் திறக்காத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். போன கோடையில் வேலை செய்தது இந்தக் கோடையில் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதோடு செயலியின் பேட்டரி அமைப்பில் ‘அன்ரெஸ்டிரிக்டட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் செல்பேசியின் திரை அணைந்ததும் தடப்பதிவு, அதாவது நாம் போன வழியைச் செயலி பதிவுசெய்வது, நடுவிலேயே நின்றுபோகக்கூடும்.

ஐபோனில் ‘ஆஃப்லோடு அன்யூஸ்டு ஆப்ஸ்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். நெடுநாள் தொடாத செயலியை அது சத்தமில்லாமல் நீக்கிவிடும். மீண்டும் நிறுவ இணையம் வேண்டும்.

வரைபடத்தைப் பதிவிறக்குவது

சாம்பல் சதுரங்கள் வராமல் இருப்பது முழுக்க இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல வைஃபையில் செய்யுங்கள்.

வரைபடம் செல்பேசிக்குச் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வருகிறது. நீங்கள் ஒரு படி உள்ளே நெருக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டும் நான்காகப் பிரிகிறது. மோவாப் இருக்கும் அட்சரேகையில், 15-ஆம் நெருக்க நிலையில் ஒரு துண்டு ஏறக்குறைய 950 மீட்டர் பக்கமுள்ள சதுரம். 40 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர் பரப்பை அந்த நிலையில் நிரப்ப 1,800 துண்டு போதும். 16-ஆம் நிலைக்கு 7,000-க்கு மேல். 17-ஆம் நிலைக்கு 28,000-க்கு மேல். பெரிய பரப்பை மிக உயர்ந்த நுணுக்கத்தில் கேட்டால் பதிவிறக்கம் விடிய விடிய ஓடுவதற்கும், நடுவில் நின்றுபோவதற்கும் இதுதான் காரணம். செயற்கைக்கோள் படங்களுக்குத்தான் இந்தக் கணக்கு கடுமையாகப் பொருந்தும். கோடுகளாகச் சேமிக்கப்படும் வரைபட அடுக்குகள் இடத்தை மிகக் குறைவாகவே எடுக்கும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. நிலவமைப்பு அடுக்கைப் பெரிய பரப்புக்குப் பதிவிறக்குகிறேன்: போகும் பாதை, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 கிலோமீட்டர், அருகிலுள்ள ஊர், பெட்ரோல் நிலையம், தார்ச்சாலைக்குத் திரும்பும் எல்லா வழிகளும். செயற்கைக்கோள் அடுக்கைப் பாதையை ஒட்டிய ஒடுங்கிய பட்டைக்கு மட்டும் உயர்ந்த நுணுக்கத்தில் எடுக்கிறேன். நில உடைமை அடுக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். சில செயலிகளில் மேலடுக்குகள் தாமாகவே வந்துவிடும், சிலவற்றில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவிறக்கும் முன் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

சுற்றியுள்ள 30 கிலோமீட்டர் எதற்கு என்று கேட்கலாம். திட்டமிட்ட பாதையில் எதுவும் நடக்காதவரை அது தேவையில்லை. பாறை சரிந்தோ ஓடையில் வெள்ளம் வந்தோ வழி அடைபட்டால், மாற்று வழி நிச்சயமாக உங்கள் ஒடுங்கிய பட்டைக்கு வெளியேதான் இருக்கும்.

பதிவிறக்கம் முடிந்ததும் சோதனை. செல்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, செயலியை முழுவதும் மூடித் திறங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் சற்றுமுன் பார்த்த இடங்கள் செல்பேசியின் தற்காலிக நினைவில் தங்கியிருக்கும். பதிவிறக்கமே ஆகாவிட்டாலும் அவை தெளிவாகத் தெரியும். ஆகவே இதுவரை பார்க்காத ஓர் இடத்துக்கு வரைபடத்தை நகர்த்தி, நன்றாக நெருக்கிப் பாருங்கள். பெயர்களும் சமஉயரக் கோடுகளும் வருகின்றனவா? அடுக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எது வருகிறது, எது வரவில்லை என்பது மனத்தில் பதியட்டும். அன்று இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஷேஃபர் விளிம்பிலிருந்து நாங்கள் திரும்பியிருக்க மாட்டோம்.

கோடு இருந்தால் வழி இருக்கிறதா?

இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதற்கும் அதில் வண்டி ஓட்ட அனுமதி இருப்பதற்கும் தொடர்பில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு செய்தால் அபராதம் நமக்கு, காயம் நிலத்துக்கு.

மேற்கு மாநிலங்களின் நிலம் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. வரைபடங்களில் மரபாக, மத்திய அரசின் பொது நிலங்களைக் கவனிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம் மஞ்சள், தேசிய வனம் பச்சை, மாநில அரசின் நிலம் நீலம், தனியார் நிலம் வெள்ளை. செயலிகள் நிறத்தைச் சற்று மாற்றலாம், குறிவிளக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் இடத்தில் விதியும் மாறுகிறது. மஞ்சளில் போன பாதை வெள்ளையில் நுழைந்தால் அங்கே பூட்டிய கதவு இருக்கலாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் எந்த மோட்டார் வாகனமும் போகக் கூடாது. பழைய சுரங்கப்பாதை ஒன்று அதற்குள் தெளிவாகத் தெரிந்தாலும் அதேதான்.

தேசிய வனங்களில் தீர்ப்பு சொல்வது மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம். 2005-ஆம் ஆண்டு விதியின் கீழ் ஒவ்வொரு வனப்பகுதிக்கும் வனத்துறை இதை இலவசமாக வெளியிடுகிறது. கறுப்பு வெள்ளையில், பார்க்க அழகில்லாத ஒன்று. ஆனால் எந்தப் பாதையில் எந்த வகை வண்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதில் இல்லாத பாதை மூடப்பட்ட பாதை. வாசலில் பலகை இல்லாவிட்டாலும் சரி. காயா ஜிபிஎஸ்ஸில் இது ஓர் அடுக்காகவே கிடைக்கிறது.

பாதைகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. மோவாபுக்கு அருகில் லேபிரிந்த் கேனியன், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் மட்டும் 2023-இல் நில மேலாண்மைப் பணியகம் 317 மைல் நீளப் பாதைகளை மோட்டார் வாகனங்களுக்கு மூடியது. அதற்கு முன் பதிவிறக்கிய வரைபடத்தையோ, யாரோ பகிர்ந்த பழைய தடக்கோப்பையோ வைத்திருப்பவருக்கு இந்தச் செய்தி திரையில் தெரியாது. எனவே பழைய ஆஃப்லைன் வரைபடங்களை ஒவ்வொரு பருவத்திலும் அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். எந்த நிலத்துக்குப் போகிறீர்களோ அந்த அலுவலகத்தின் இணையதளத்தையும் ஒருமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். சாலையின் இன்றைய நிலையை அங்கிருப்பவர்தான் சொல்ல முடியும்.

பருவம் இன்னொரு பூட்டு. கொலராடோவின் ஆல்பைன் லூப் என்ற மலைச்சுற்றுப் பாதையில் எஞ்சினியர் கணவாய் 12,800 அடி உயரத்தில் இருக்கிறது. மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் பனியை அகற்றி அந்தப் பாதையைத் திறக்கிறார்கள். திரையில் அதன் கோடு ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். யூட்டாவின் பாலை மண்ணில் கறுத்து, முடிச்சு முடிச்சாகத் தெரிவது உயிருள்ள மேலோடு. நுண்ணுயிரிகளும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் அதன்மேல் ஏறி இறங்கினால் மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். திரையில் அம்பு கோட்டைவிட்டு விலகியிருந்தால், கோட்டை எட்டுவதற்காக வண்டியை மண்ணில் திருப்பாதீர்கள். கண்முன் இருக்கும் பாதையிலேயே இருங்கள்.

ஒரு பயணத்தை எடுத்துத் திட்டமிடுவோம்

கேனியன்லேண்ட்ஸின் வொயிட் ரிம் சாலையை எடுத்துக்கொள்கிறேன். 1950-களில் யுரேனியம் தேடி அணுசக்தி ஆணையம் போட்ட மண்சாலை அது. இன்று 100 மைல் நீளச் சுற்று. நான்கு சக்கர வண்டியில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே நாளில் போவதானாலும் இரவு தங்குவதானாலும் அனுமதிச்சீட்டு வேண்டும். தரையிலிருந்து உயர்ந்த, லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் கியர்) உள்ள வண்டிதான் போக முடியும். வழியில் எங்கும் குடிநீர் இல்லை. வளர்ப்பு நாயைக் காருக்குள் வைத்திருந்தாலும் அனுமதி இல்லை.

முதலில் செயலியின் பெரிய திரையில், அதாவது கணினியில் அதே கணக்கைத் திறந்து, பாதையைக் கோடாக வரையுங்கள். பாதை வரையும் வசதி கோட்டைத் தெரிந்த பாதைகளோடு ஒட்டவைக்கும். கணினியில் வரைந்தது செல்பேசிக்குத் தானாக வந்துசேரும். வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே உறங்குங்கள்.

பிறகு குறியிடங்கள். நான் ஐந்து வகையை மட்டும் வைக்கிறேன்: பெட்ரோல், முகாம், செங்குத்தான ஏற்றங்கள், வெளியேறும் வழிகள், சிக்னல் கிடைக்கும் என்று முன்பு கண்ட மேடுகள். வொயிட் ரிம்மில் மர்ஃபி ஹாக்பேக்கும் ஹார்டுஸ்கிராபிள் மலையும் கடினமான ஏற்றங்கள். இரண்டையும் குறித்தால் எந்த வெளிச்சத்தில், எந்தக் களைப்பில் அவற்றை அடைவோம் என்று கணிக்க முடியும். கிரீன் ஆறு பெருகும் வசந்தகால இறுதியில் பொட்டேட்டோ பாட்டம் அருகே சாலை தண்ணீரில் மூழ்குவதுண்டு. அதையும் குறியுங்கள். பெயர்களைச் சுருக்கமாக வைக்க வேண்டும். காரின் திரையில் நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்படும்.

செயலி சொல்லும் பயண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்பாதையில் மணிக்கு 10 மைல் என்று நானே கணக்கிடுகிறேன். புகைப்படத்துக்கும் சாப்பாட்டுக்கும் டயரில் காற்றை இறக்கி ஏற்றவும் தனியாக நேரம் சேர்க்கிறேன். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முகாமை அடையும்படி கணக்கு வரவேண்டும். வரவில்லை என்றால் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

சமஉயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் இடம் செங்குத்து. இது பள்ளிப்பாடம். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியின் பல வரைபடங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 40 அடி இடைவெளி. உங்கள் வண்டியை நிறுத்திவிடக்கூடிய இரண்டடிப் பாறைப்படி அந்த இடைவெளிக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். வரைபடம் சமதளம் என்று சொல்வதை நம்பி இறங்கிப் பார்க்காமல் போவது ஏட்டுச் சுரைக்காயைக் கறி வைப்பது போன்றது.

நண்பர்களோடு போனால் வரைந்த பாதையை ஜிபிஎக்ஸ் (செயலிகள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து எல்லா வண்டிகளுக்கும் அனுப்புங்கள். பெரும்பாலான ஆஃப்ரோடு வரைபடச் செயலிகள் அதைத் திறக்கும். ஒவ்வொருவரும் அவரவர் செல்பேசியில் ஆஃப்லைன் வரைபடத்தைத் தனியாகப் பதிவிறக்க வேண்டும். ஜிபிஎக்ஸ் கோப்பில் இருப்பது கோடும் குறியிடங்களும் மட்டும். கீழே இருக்கும் வரைபடம் அதில் வராது.

காரோடு இணைப்பது

செல்பேசியைக் கம்பியால் இணையுங்கள். கம்பியில்லா கார்பிளே நகரத்தில் வசதிதான். ஆனால் அதற்கு புளூடூத்தும் வைஃபையும் தொடர்ந்து ஓட வேண்டும். கூடவே ஜிபிஎஸ், தடப்பதிவு, கம்பியில்லா சார்ஜிங் என்று எல்லாம் சேர்ந்தால் செல்பேசி கொதிக்கும். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். யூட்டாவின் ஜூலை மதியத்தில் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் வெப்பம் அதை எளிதாகத் தாண்டிவிடும். வெப்ப எச்சரிக்கை வந்து செல்பேசி தன்னை மூடிக்கொண்டால் காரின் திரையும் சேர்ந்து போய்விடும். ஏசி காற்று படும் இடத்தில், நிழலில், கம்பியோடு வையுங்கள்.

கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கம்பிகள் உண்டு. அவற்றில் தகவல் போகாது. வீட்டிலேயே இணைத்துப் பாருங்கள். துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக இருக்கும் மண்சாலையில் நீளமான கம்பி மெல்ல மெல்லத் தளர்ந்து கழன்றுவிடும். எனக்கு அது ஒரு குறுகலான இறக்கத்தின் நடுவில் நடந்தது. இப்போது கூடுதலாக ஒரு கம்பி எப்போதும் கதவுப்பையில் இருக்கிறது.

ஐபோன் என்றால் அதன் குரல் உதவியாளரான சிரி இயக்கத்தில் இருந்தால்தான் கார்பிளே வரும். கார்பிளே வந்து, வரைபடச் செயலி மட்டும் தெரியவில்லையா? செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே, உங்கள் கார், கஸ்டமைஸ் என்று போய்ச் செயலியைச் சேர்த்து, முதல் பக்கத்துக்கே இழுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று தேடி, ‘கஸ்டமைஸ் லாஞ்சர்’ பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பாதைத் தொடக்கம் வரை வேறொரு செயலி வழிகாட்டியிருந்தால், அங்கே சேர்ந்ததும் அதன் வழிகாட்டலை முடித்துவிடுங்கள். முடிக்காவிட்டால் பள்ளத்தாக்கின் நடுவில் ‘திரும்புங்கள்’ என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் இவற்றைச் செய்யுங்கள்: செயலியைச் செல்பேசியில் ஒருமுறை திறக்கவும், சரியான அடுக்கு இருக்கிறதா என்று பார்க்கவும், வரைந்த பாதையைத் திரையில் தெரியவைக்கவும், தடப்பதிவைத் தொடங்கவும். பிறகு ஓடோமீட்டரில் தூரத்தைச் சுழியாக்கவும். கடைசி ஒன்று பழைய பழக்கம்தான், ஆனால் திரை அணைந்தால் அந்த எண்ணும் ஒரு காகித வரைபடமும் போதும், எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஓட்டும்போது

காரின் திரையில் கிடைப்பது செல்பேசிச் செயலியின் சுருங்கிய வடிவம். வரைபடம், உங்கள் இடம், சேமித்த பாதைகள், தடப்பதிவு, ஒரு குறியிடம் சேர்க்கும் பொத்தான் ஆகியவைதான் பெரும்பாலும் இருக்கும். வண்டி நகரும்போது நீண்ட பட்டியலும் தட்டச்சும் தடுக்கப்படும். அது நல்லதற்குத்தான். தேடல், பாதை விவரம் படித்தல், குறிப்பு எழுதுதல் எல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை. கார்பிளே ஓடும்போதும் செல்பேசியைத் தனியாகப் பயன்படுத்தலாம். தனியாக ஓட்டுகிறீர்கள் என்றால், நிறுத்திவிட்டுப் பாருங்கள். குறுகலான மலைவிளிம்பில் திரையை நோக்கும் இரண்டு நொடி மிக நீண்ட நேரம்.

திசையமைப்பில் இரண்டு உண்டு: வண்டி போகும் திசை மேலே வருவது, வடக்கு எப்போதும் மேலே இருப்பது. ஓட்டும்போது முதலாவது உதவும். பிரிவில் நின்று முடிவெடுக்கும்போது இரண்டாவதற்கு மாற்றுங்கள். நிலத்தின் மொத்த உருவம் அப்போதுதான் மனத்தில் நிற்கும். எந்த அளவு நெருக்கிப் பார்ப்பது என்பதும் முக்கியம். அடுத்த இரண்டு பிரிவுகள் தெரியும் அளவுக்கு விரித்து வையுங்கள். மிக நெருக்கி வைத்தால் பிரிவைத் தாண்டிய பிறகுதான் தெரியவரும்.

அம்பு தடுமாறுவதைக் கண்டு பதற வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் செல்பேசியின் துல்லியம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். ஷேஃபர் போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் பாதையின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு அம்பு தாவும். நின்றுகொண்டிருக்கும்போது அது சுழலவும் செய்யும், ஏனென்றால் அப்போது திசையைச் சொல்வது செல்பேசிக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டி. காரின் இரும்பு அதைக் குழப்பும். சில மீட்டர் நகர்ந்தால் சரியாகிவிடும்.

சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. ஜிபிஎஸ் அலை நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அணைந்துகிடந்த செல்பேசியைப் பள்ளத்தாக்கில் இயக்கினால் முதல் இடங்காணலுக்கு மட்டும் நேரம் எடுக்கலாம். செயற்கைக்கோள்களின் நிலைத்தகவலை வானிலிருந்தே மெதுவாக வாங்க வேண்டியிருக்கும். திறந்த வெளியில் சில நிமிடம் அசையாமல் வைத்திருங்கள்.

திரை அணைந்தால்

முதலில் நிறுத்துங்கள். கம்பியைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். கம்பியை மாற்றிப் பாருங்கள். செல்பேசியில் செயலியை மூடித் திறங்கள், ஆனால் தடப்பதிவைச் சேமித்த பிறகு. அதுவும் சரிவராவிட்டால் காரை அணைத்து, கதவைத் திறந்து மூடி, ஒரு நிமிடம் கழித்து இயக்குங்கள். பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். வராவிட்டால் செல்பேசியின் சிறிய திரையிலேயே எல்லாம் இருக்கிறது. வந்த வழியின் தடம் பதிவாகியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே திரும்பலாம். புறப்படும்போதே பதிவைத் தொடங்கச் சொன்னதன் பயன் இதுதான்.

இரண்டாவது கருவி ஒன்று அவசியம். பக்கத்து இருக்கைக்காரரின் செல்பேசியில் அதே வரைபடம் பதிவிறங்கியிருந்தாலே போதும். காகிதத்தில், நனையாத தாளில் அச்சிட்ட பாதை வரைபடங்கள் மோவாப் கடைகளிலேயே கிடைக்கின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிலவமைப்பு வரைபடங்களை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம். காகித வரைபடத்துக்கு வெயிலும் சார்ஜும் ஒரு பொருட்டல்ல.

உதவி கேட்க நேர்ந்தால் உங்கள் இடத்தை எண்ணாகச் சொல்ல வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் செயலியில் எங்கே தெரிகின்றன, எந்த வடிவில் தெரிகின்றன என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். புள்ளியோடு வரும் பாகை வடிவத்தையே வைத்துக்கொண்டு, சொல்லும்போதும் ‘தசம பாகை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாகை, நிமிட வடிவத்தோடு குழம்பினால் தேடி வருபவர்கள் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார்கள். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்ப முடிகிறது; இன்ரீச் போன்ற தனிக் கருவிகளும் உண்டு. இரண்டுக்குமே திறந்த வானம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு முயலாமல் மேடான இடத்துக்கு ஏறுங்கள்.

வண்டி பழுதானால், வொயிட் ரிம்மிலிருந்து அதை இழுத்துவர ஆகும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. முழு அளவு மாற்று டயர், மண்வெட்டி, ஜாக்கி, கூடுதல் பெட்ரோல், தேவைக்கு மேல் தண்ணீர் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எந்த நேரத்துக்குள் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வரைந்த பாதையின் படத்தையும் அனுப்பிவையுங்கள். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்குச் செய்தி அனுப்புங்கள். பிறகு தடப்பதிவை நிறுத்திச் சேமியுங்கள். வழியில் பார்த்த பூட்டிய கதவையும் சரிந்த பாறையையும் நினைவிருக்கும்போதே குறிப்பாக எழுதி வையுங்கள். அடுத்த முறை டயரில் காற்றை இறக்கும் முன் நீங்கள் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.